தட்டு உறங்கிய கதை: லக்சபானவிலிருந்து ஏ.சி.பி.ஐ. வரை

இலங்கையின் மின்சார வரலாற்றை எழுதப் புகுவோர் வழக்கமாகப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவிலிருந்து தொடங்குவர். 1912இல் நுவரெலியா நகருக்கு ஒளியூட்டுவதற்காகப் பிளாக்பூலில் அமைந்த சிறு நீர்மின் நிலையம், களனி கங்கையின் மேற்கிளைகளைக் கொண்டு நாடு முழுவதற்கும் மின்சாரம் பெறலாம் என்று அவர் 1918இல் வாசித்தளித்த ஆய்வுரை, அதன் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த இழுபறி, இறுதியில் 1950இல் இயங்கத் தொடங்கிய லக்சபான நிலையம் என்று அந்த வரலாறு ஒழுங்காக நடைபோடும். நான் இங்கு எழுத முற்படுவது அதன் மறுமுனையைப் பற்றி. மின்சாரம் அறுந்துபோகும் கணத்தில், அதை நம்பிச் சுழன்றுகொண்டிருக்கும் கணினித் தட்டுக்கு என்ன நேர்கிறது, அதை உறங்கவைக்கும் உரிமை யாருடையது, ஓடும்போதே அதைக் கழற்றி எடுக்கும் வித்தை எப்படி வந்தது என்பதே விடயம். பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்தில் படித்த ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். ஹட்டனில் செய்தியாளனாக இருந்தவனுக்கு மின்வெட்டைப் பற்றி எழுத வேறு தகுதி வேண்டியதில்லை என்பதே என் பதில்.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட் செல்லும் வீதியில் காசல்ரீ நீர்த்தேக்கம் கண்ணில் படும். அது 1965இல் நிறைவெய்தியது. அப்பால் மஸ்கெலியாவில் 1969இல் நிறைவெய்திய மவுசாக்கலை நீர்த்தேக்கம் இருக்கிறது. அதன் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிக் கிடக்கிறது. நீர்மட்டம் வற்றும் காலங்களில் பழைய கோயிலின் கற்கள் வெளியே தெரியும். இந்த நீர் கொழும்பின் வீதிவிளக்குகளை எரித்தது. நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இருந்த லயங்களில் எத்தனையோ அறைகளுக்கு மின்சாரம் வரப் பல பத்தாண்டுகள் சென்றன. குப்பி விளக்கில் படித்துப் பல்கலைக்கழகம் போன ஒரு தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.

ஆனால் அதே தோட்டங்களின் தேயிலைத் தொழிற்சாலைகள் லக்சபானவுக்கு வெகுமுன்பே நீரின் வலுவை அறிந்திருந்தன. ஆற்றிலிருந்து குழாயில் இறங்கும் நீர் பெல்டன் சில்லைச் சுழற்றும். சில்லின் சுழற்சி தொழிற்சாலையின் நீளத்துக்கு ஓடும் ஓர் இரும்புத் தண்டுக்கு வரும். அத்தண்டிலிருந்து தோற்பட்டிகள் ஒவ்வொரு பொறிக்கும் இறங்கும். கொழுந்தை உருட்டும் பொறி, உலர்த்தும் பொறி, சலிக்கும் பொறி எல்லாம் ஒரே தண்டில் தொங்கியவையே. ஒரு பொறி பழுதானால் தண்டை நிறுத்த வேண்டியதில்லை. பட்டியைப் பக்கத்திலிருக்கும் வெறுங்கப்பிக்குத் தள்ளிவிட்டால் அது வீணே சுழன்றுகொண்டிருக்கும், பொறி நின்றுவிடும், அதைக் கழற்றித் திருத்தி மீண்டும் பட்டியை ஏற்றலாம். மற்றப் பொறிகளுக்கு எதுவும் தெரியாது. உருட்டிய கொழுந்து காத்திருக்காது என்பதால் டீமேக்கர்மார் இந்த வித்தையில் கைதேர்ந்தவர்களாக இருந்தனர். இந்தக் கப்பியை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கணினி உலகம் இதே வித்தையைத் தட்டுகளுக்குக் கற்பிக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது.

ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் வெளியிட்ட ராமக் கணினியின் தட்டுச் சேமிப்பகம்தான் வன்தட்டுகளின் மூதாதை. 24 அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் ஒரே சுழல்தண்டில் நிமிடத்துக்கு 1,200 தடவை சுழன்றன. கொள்ளளவோ ஐம்பது இலட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கு அது காணாது. எடை ஒரு தொன்னுக்கு மேல். அதை யாரும் உறங்கவைக்கவில்லை. காலையில் சுழலத் தொடங்கினால் சுழன்றுகொண்டே இருக்கும். 1962இல் அதே நிறுவனம் 1311 என்ற வகையை வெளியிட்டபோது தட்டுக் கட்டையே கழற்றி வேறொன்றைப் பொருத்த முடிந்தது. ஏறத்தாழ நாலரைக் கிலோ எடையுள்ள அக்கட்டை எடுப்பதற்கு முதலில் மோட்டாரை நிறுத்த வேண்டும். சுழற்சி அடங்க வேண்டும். பிறகே மூடியைத் திறக்கலாம். கழற்றலாம், ஆனால் ஓடும்போது அல்ல. 1973இல் வந்த வின்செஸ்டர் வகையில் முனையும் தட்டும் ஒரே உறைக்குள் அடைபட்டன. 1980இல் சீகேட் நிறுவனம் 5 மெகாபைட் கொள்ளளவுடன் மேசைக் கணினிக்கான ஐந்தேகால் அங்குல வன்தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு வன்தட்டு என்பது திருகாணி போட்டு உள்ளே பூட்டி வைக்கப்பட்ட பொருளாகிவிட்டது.

இங்கு முனை என்று நான் குறிப்பிடுவது தட்டில் எழுதவும் படிக்கவும் பயன்படும் மிகச் சிறிய உறுப்பு. தட்டு சுழலும்போது எழும் காற்றின் மெல்லிய படலத்தில் அது மிதக்கிறது. சுழற்சி நின்றால் காற்றுப்படலம் இல்லை. முனை தட்டின் மேல் இறங்கும். தரவு எழுதப்பட்ட இடத்தில் இறங்கினால் கீறல் விழும். ஆகவே ஆரம்பகாலத் தட்டுகளுக்குக் கணினியை நிறுத்துமுன் 'பார்க்' என்ற கட்டளையைக் கொடுத்து, முனையைத் தரவு இல்லாத ஓர் ஓரத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. முறையாக நிறுத்துபவருக்கு இது சரி. திடீரென்று மின்சாரம் போனால் கட்டளை கொடுப்பது யார்?

இந்தக் கேள்விக்குக் கண்டுபிடிக்கப்பட்ட விடை எனக்கு மிகவும் பிடித்தமானது. மின்சாரம் அறுந்தாலும் தட்டு உடனே நிற்பதில்லை. சுழற்சியின் வேகம் சில நொடிகள் மிஞ்சியிருக்கும். சுழலும் மோட்டாரை அந்நேரத்தில் டைனமோவாக மாற்றி, அதில் பிறக்கும் சிறிதளவு மின்சாரத்தைக் கொண்டே முனையைப் பாதுகாப்பான இடத்துக்கு இழுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வன்தட்டினுள்ளும் ஒரு குட்டி லக்சபான இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. நீருக்குப் பதில் அங்கே சுழற்சி. மின்வெட்டு மிகுந்த நம் போன்ற நாடுகளில் கோடிக்கணக்கான தட்டுகள் பிழைத்தது இதனாலேயே. எனினும் இது அவசர இழுப்பு. முறையாக நிறுத்தும்போது நிகழும் மெதுவான ஓய்வைவிட இது முனைக்குக் கடினமானது. தட்டு தன் உட்பதிவேட்டில் இவ்வாறான இழுப்புகளைத் தனியாக எண்ணிவைக்கிறது. அந்த எண்ணிக்கையைப் பற்றிப் பின்னர் வருகிறேன்.

தட்டை வேண்டுமென்றே உறங்கவைக்கும் எண்ணம் மின்வெட்டு உள்ள நாடுகளில் பிறக்கவில்லை. அது விமானத்தில் பயணம் செய்த வணிகர்களின் மடியில் பிறந்தது. 1988இல் பிரெய்ரிடெக் என்ற அமெரிக்க நிறுவனம் இரண்டரை அங்குல வன்தட்டை உருவாக்கியது. மடிக்கணினியின் பற்றரி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதில் ஒரு பங்கைச் சும்மா சுழலும் தட்டு தின்றது. 1990இல் இன்டெல் வெளியிட்ட 386எஸ்எல் என்ற செயலியில் இயங்குதளத்துக்குத் தெரியாமலே நிலைபொருள் தலையிட்டு வேலை செய்வதற்கு ஒரு தனி வழி அமைக்கப்பட்டது. நிலைபொருள் என்பது கணினியின் தாய்ப்பலகையிலும் தட்டு போன்ற உறுப்புகளிலும் உற்பத்தியாளரே பதித்து அனுப்பும் நிரல். பயோஸ் என்று நாம் அறிந்தது அதுவே. 1992இல் இன்டெலும் மைக்ரோசொப்டும் சேர்ந்து ஏ.பி.எம். என்ற விதிமுறையை வெளியிட்டன. தட்டுக்கு நான்கு நிலைகள் வகுக்கப்பட்டன: வேலை, ஓய்வு, சுழற்சி நிறுத்திய காத்திருப்பு, ஆழ்ந்த உறக்கம். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து தட்டை எழுப்ப மீளத்தொடக்கும் சமிக்ஞை ஒன்றாலேயே முடியும்.

அதே 1992இல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் எனர்ஜி ஸ்டார் என்ற முத்திரையை அறிமுகம் செய்தது. மறு ஆண்டு, அரச அலுவலகங்கள் அம்முத்திரை பெற்ற கணினிகளையே வாங்க வேண்டும் என்று ஜனாதிபதி கிளின்டன் கட்டளையிட்டார். அதன் பின் பற்றரியே இல்லாத மேசைக் கணினிகளின் பயோஸிலும் உறக்கம் புகுந்தது. உலகின் பெரும்பாலான தாய்ப்பலகைகள் தைவானில் ஒரே அச்சில் வார்க்கப்பட்டமையால், வாஷிங்டனில் போட்ட ஒரு கட்டளை நம்மூர்க் கணினிகளின் நீலத் திரைக்கும் வந்து சேர்ந்தது. தட்டை எத்தனை நிமிடத்தில் நிறுத்துவது என்று ஒன்றிலிருந்து பதினைந்து வரை கேட்கும் அந்த வரி பலருக்கு நினைவிருக்கும்.

அந்த வரியை மலையகம் எப்படிப் பயன்படுத்தியது என்பதை நான் நேரில் கண்டேன். 1996இல் வறட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றிக் கடும் மின்வெட்டு வந்தது. 2001இன் நடுப்பகுதியிலிருந்து 2002 வரை மீண்டும் நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டு. இடைப்பட்ட ஆண்டுகளில் தோட்ட அலுவலகங்களுக்குக் கணினி வந்திருந்தது. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டதன் பின், செக்ரோலைக் கணினியில் ஏற்றும் வேலை மெல்ல மெல்லத் தொடங்கியது. செக்ரோல் என்பது தொழிலாளியின் வாழ்வுக் கணக்கு. பிரட்டுக்களத்தில் யார் நின்றார், யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர், எத்தனை கிலோ கொழுந்து, எவ்வளவு முற்பணம் என்று எல்லாம் அதில்தான். தட்டில் ஒரு வரி அழிந்தால் ஒரு பெண்ணின் அரை நாள் வேலை அழிந்தது என்று பொருள்.

மின்வெட்டுக்கு மருந்தாக அலுவலகங்கள் சிறிய யு.பி.எஸ். பெட்டிகளை வாங்கின. அவை பத்து நிமிடம் தாங்கும். அப்பத்து நிமிடத்தைப் பதினைந்தாக்க வேண்டும் என்ற ஆவலில், தட்டை ஒரு நிமிடத்தில் நிறுத்தும்படி பயோஸில் அமைத்து வைத்த கிளாக்கர்மாரை எனக்குத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது பயனற்ற சிக்கனம். மேசைக் கணினித் தட்டு சும்மா சுழல ஆறேழு வாற்று போதும். நிறுத்திய தட்டை மீண்டும் சுழற்ற, சில நொடிகளுக்கு 20 வாற்றுக்கும் மேல் வேண்டும். பக்கத்தில் இருக்கும் பழைய குழாய்த்திரையோ தனியே 70 வாற்றுக்கு மேல் குடிக்கும். திரையை அணைத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். அக்காலத்துத் தட்டுகளில் முனை தட்டின் மீதே இறங்கி ஏறும். 40,000 அல்லது 50,000 தடவை நிறுத்தித் தொடங்கலாம் என்று உற்பத்தியாளர் குறித்திருப்பர். நாளுக்கு எண்பது தடவை உறங்கி விழித்தால் நாற்பதாயிரம் ஐந்நூறு நாளில் தீர்ந்துவிடும்.

ஒரு தோட்டத்தில் மாத இறுதியில் அது நடந்தது. 2002ஆம் ஆண்டு, சம்பளப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த வேளை. தட்டு உறக்கத்திலிருந்து எழும் தறுவாயில் மின்சாரம் போனது, யு.பி.எஸ். பெட்டியின் பற்றரி ஏற்கெனவே வலுவிழந்திருந்தது. மறுநாள் கணினி தட்டைக் கண்டுகொள்ளவில்லை. கங்காணிமார் கையில் வைத்திருந்த பென்சில் எழுதிய புத்தகங்களைத் திரட்டி, பெரிய கிளாக்கரும் இரு உதவியாளர்களும் மூன்று இரவு கண்விழித்து மாதம் முழுவதையும் மீண்டும் கட்டினார்கள். பெரும்பகுதி சரியாகத்தான் வந்தது. ஆனால் அரைப்பேர்க் கணக்கில் தகராறு எழுந்தது. புத்தகத்தில் மழையில் நனைந்த பக்கங்களுக்கு யார் சொல் செல்லும்? சம்பள நாளில் அலுவலக வாசலில் நின்ற பெண்களின் முகங்களை நான் மறக்கவில்லை. அன்று நான் எழுதியனுப்பிய செய்தி நாலு வரியாகச் சுருங்கி உட்பக்கத்தில் வெளிவந்தது. இயந்திரத்தின் பேரில் பழியைப் போட்டால் எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்ற சௌகரியத்தை அன்றுதான் கண்டேன்.

தட்டு இறப்பது ஒரு புறமிருக்க, உயிருள்ள தட்டும் பொய் சொல்லும் என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். எழுதச் சொன்னதைத் தட்டு தன் தற்காலிக நினைவகத்தில் வாங்கிக்கொண்டு 'எழுதிவிட்டேன்' என்று பதிலளித்துவிடும். உண்மையில் எழுதுவது பின்னர்தான். இடையில் மின்சாரம் போனால் போனதுதான். மின்வெட்டே இல்லாத இடத்திலும் இது தொல்லை தந்தது. விண்டோஸ் 98 சில கணினிகளில் தட்டு எழுதி முடிக்குமுன் மின்சாரத்தை நிறுத்திவிடுவதைக் கண்ட மைக்ரோசொப்ட், நிறுத்தும் வேளையில் சற்றுத் தாமதிக்கும் திருத்தமொன்றை வெளியிட நேர்ந்தது. செய்யப்போவதை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்துவிட்டுச் செய்யும் கோப்பு முறைகள் 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியுடனும், அதே ஆண்டில் லினக்ஸின் எக்ஸ்ட்3யுடனும் சாதாரணப் பயனரிடம் வந்தன. கங்காணியின் பென்சில் புத்தகம் செய்த வேலையை அவை செய்தன.

ஏ.பி.எம். முறையின் அடிப்படைக் குறை அதிகாரம் பற்றியது. தட்டை நிறுத்த முடிவுசெய்வது பயோஸ். இயங்குதளத்துக்கு அது தெரியாது. பயனர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதை அறிந்ததோ இயங்குதளம்; அதற்கு அதிகாரமில்லை. இதைத் தலைகீழாக மாற்ற 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசொப்ட், தோஷிபா ஆகிய மூன்றும் ஏ.சி.பி.ஐ. என்ற விதிமுறையை வெளியிட்டன. இனி முடிவெடுப்பது இயங்குதளம். நிலைபொருளோ தன் கணினியில் என்னென்ன உறுப்புகள் உள்ளன, ஒவ்வொன்றையும் எப்படி நிறுத்துவது, எப்படி எழுப்புவது என்ற விவரத்தை ஒரு தனி மொழியில் எழுதி அட்டவணையாகக் கையளிக்கும். எண்ணம் நல்லது. ஆனால் அந்த அட்டவணையை எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு சோதனையைத்தான் செய்தார்கள்: விண்டோஸில் ஓடுகிறதா? ஓடினால் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவார்கள். அட்டவணையில் பிழையிருந்தாலும் விண்டோஸ் பொறுத்துக்கொண்டால் பிழை வெளியே தெரியாது. லினக்ஸ் போன்ற திறந்த இயங்குதளங்களில்தான் அது வெடிக்கும். தட்டு உறங்கும், எழும்பாது.

1999 ஜனவரியில் பில் கேட்ஸ் தன் நிறுவனத்தாருக்கு அனுப்பிய ஒரு மின்னஞ்சல், பல ஆண்டுகளின் பின் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்த வழக்கொன்றில் சான்றாக வெளிவந்தது. ஏ.சி.பி.ஐ. நீட்சிகளை விண்டோஸுக்கு மட்டும் உரியவையாக ஆக்க முடியாதா என்று அதில் அவர் யோசித்திருந்தார். லினக்ஸ் உழைக்காமலே பலனடைந்துவிடும் என்பது அவரது மனக்குறை. அந்த யோசனை விதிமுறையில் இடம்பெறவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 2013இல் ஏ.சி.பி.ஐ. பல நிறுவனங்கள் அங்கம் வகிக்கும் யு.இ.எஃப்.ஐ. மன்றத்தின் பொறுப்புக்கு மாறியது. ஆனால் நடைமுறையில் விளைவு வேறு விதமாக அமைந்தது. 'நீ எந்த இயங்குதளம்?' என்று நிலைபொருள் கேட்கும் ஒரு வழி அவ்விதிமுறையில் உண்டு. லினக்ஸ் தன் பெயரைச் சொன்னால் சோதிக்கப்படாத பாதைக்கு அனுப்பப்படும் என்பதால், இன்றுவரை அது தன்னை விண்டோஸ் என்றே சொல்லிக்கொள்கிறது. சொந்தப் பெயரைச் சொன்னால் கதவு திறக்காது என்ற அனுபவம் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு வாழ்ந்த மலையகத்தாருக்குப் புதிதல்ல. மென்பொருளுக்கும் அது நேர்ந்ததைப் படித்தபோது சிரிப்பு வந்தது. முழுச் சிரிப்பு அல்ல.

அதிகாரம் இடம்மாறினாலும் தகராறு ஓயவில்லை. 2007இல் உபுண்டு பயனர்களிடையே பெரும் சலசலப்பு எழுந்தது. மடிக்கணினித் தட்டுகளில் முனை தட்டின் மீது இறங்காமல், பக்கத்திலுள்ள ஒரு சாய்தளத்தில் ஏறி ஓய்வெடுக்கும் முறை அதற்குள் வந்துவிட்டது. அவ்வாறு ஆறு இலட்சம் தடவை ஏறி இறங்கலாம் என்பது பல தட்டுகளின் வரம்பு. ஆனால் சில தட்டுகள் சில நொடிகள் சும்மா இருந்தாலே முனையை ஏற்றிவிடும். இயங்குதளமோ அடிக்கடி ஏதாவதொன்றை எழுதும். முனை மீண்டும் இறங்கும். நிமிடத்துக்கு ஒரு தடவை என்று வைத்தாலே நாளுக்கு 1,440. இடைவிடாது ஓடினால் ஆறு இலட்சம் 416 நாளில் முடிந்துவிடும். தட்டின் நிலைபொருளே அப்படி அமைந்துள்ளது என்றனர் இயங்குதளத்தார். பயோஸ் கொடுத்த அமைப்பு என்றனர் வேறு சிலர். பயனர்களோ மார்க் லோர்ட் எழுதிய எச்டிபார்ம் என்ற சிறு கருவியால் தட்டுக்கு 254 என்ற எண்ணைக் கொடுத்து, 'இவ்வளவு அவசரமாக ஓய்வெடுக்காதே' என்று தாங்களே கட்டளையிட்டுக்கொண்டனர். சில ஆண்டுகளில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் பசுமை வகை மேசைத் தட்டுகளும் எட்டு நொடியில் முனையை ஓரங்கட்டுவதாகக் கண்டறியப்பட்டு இதே கதை மீண்டும் நடந்தது. ஒவ்வொருவரும் மின்சாரத்தை மிச்சம்பிடிக்கிறார்கள். தேய்வது நம் தட்டு. இதில் என் அனுதாபம் பயனர்கள் பக்கமே. அந்த எட்டு நொடியைப் பற்றி எவரும் அவர்களிடம் கேட்கவில்லை.

இனி, ஓடும்போதே கழற்றும் வித்தை. பல மலிவான தட்டுகளைக் கூட்டாக வைத்து, ஒன்று செத்தாலும் தரவு சாகாதபடி செய்யும் ரெய்ட் முறையை பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய மூவரும் 1988இல் ஆய்வுக் கட்டுரையாக முன்வைத்தனர். தட்டு செத்தாலும் சேவை நிற்கவில்லை. ஆனால் புதிய தட்டைப் பொருத்துவதற்காகக் கணினியை நிறுத்தினால் அதில் என்ன பயன்? ஆகவே 1990களில் பெரிய வழங்கிகளில் இழுப்பறை போன்ற தட்டுகள் வந்தன. நம் வீட்டுக் கணினிக்கு அது 2003இல் பரவத் தொடங்கிய சாட்டா இணைப்புடன்தான் வந்தது. அந்த இணைப்பியை உற்றுப் பார்த்தால் சில தொடுப்புகள் மற்றவற்றைவிடச் சற்று நீளமாக இருப்பது தெரியும். புவித்தொடுப்பு முதலில் தொடும், கடைசியில் விடும். அடுத்துத் தொடுபவை மின்சாரத்தைச் சிறிது சிறிதாக உள்ளே விடும். பிறகே முழு மின்சாரம். பட்டியைச் சட்டென்று ஏற்றாமல் வெறுங்கப்பியிலிருந்து மெல்ல நகர்த்தும் தொழிற்சாலைத் தொழிலாளியின் கை அதில் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

வன்பொருள் ஆயத்தமாகிவிட்டாலும் மென்பொருள் பின்தங்கியது. தாய்ப்பலகைகள் சாட்டாத் தட்டைப் பழைய ஐ.டி.ஈ. தட்டுபோல நடிக்கவைத்தே இயங்குதளத்துக்குக் காட்டின. விண்டோஸ் எக்ஸ்பியுடன் ஒத்துப்போக அது சுலபமான வழி. அந்த நடிப்பில் கழற்றிப் பொருத்தும் வசதி தொலைந்துபோகும். 2004இல் ஏ.எச்.சி.ஐ. என்ற பொது இடைமுகம் வந்த பின்னரே தட்டு வந்ததும் போனதும் இயங்குதளத்துக்கு முறையாக அறிவிக்கப்பட்டன. லினக்ஸில் ஜெஃப் கார்சிக் தொடங்கிய சாட்டா நிரற்தொகுதிக்குள் தேஜுன் ஹியோ எழுதிய பிழைமீட்பும் கழற்றிப்பொருத்தலும் 2006 செப்டம்பரில் வெளியான 2.6.18 பதிப்பில் சேர்ந்தன. அக்காலத்தில் மடிக்கணினிகளின் பக்கவாட்டுப் பொந்திலிருந்து தட்டை உருவி எடுக்கும் வசதியும் இருந்தது. நெம்புகோலை இழுத்தால் நிலைபொருள் இயங்குதளத்துக்குச் செய்தி சொல்லும். இயங்குதளம் எழுதவேண்டியதை எழுதி முடித்துத் தட்டை நிறுத்தும். பிறகு 'வெளியே விடு' என்று நிலைபொருளுக்குக் கட்டளையிடும். அதன் பின்னரே மின்சாரம் அறும். லினக்ஸுக்கு அந்தப் பகுதியை எழுதியவர் இன்டெலில் பணியாற்றிய கிறிஸ்டன் கார்ல்சன் அக்கார்டி.

உறங்கி எழும் தட்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது தன் அமைப்புகளை மறந்திருக்கும். ஆகவே எழுந்ததும் தட்டிடம் சொல்லவேண்டிய கட்டளைகளின் பட்டியலொன்றை நிலைபொருள் வைத்திருக்கிறது. அதை வாங்கித் தட்டுக்குக் கொடுப்பது இயங்குதளத்தின் கடமை. அப்பட்டியலில் பாதுகாப்புப் பூட்டை உறையவைப்பது போன்ற, பயனர் கேட்காத கட்டளைகளும் சில கணினிகளில் ஒளிந்திருந்தன. லினக்ஸ் அவற்றைச் சலித்துவிட்டே மிச்சத்தை அனுப்புகிறது. சல்லடையில் தண்டும் தூசும் ஒதுக்கப்படுவதுபோல.

சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் 2000இல் விற்பனைக்கு விட்ட சாவிக்கொத்து அளவிலான யு.எஸ்.பி. சேமிப்பான்தான் ஓடும்போதே கழற்றும் பழக்கத்தைச் சாதாரண மனிதரிடம் கொண்டுசேர்த்தது. 'பாதுகாப்பாக அகற்று' என்ற சொல்லை எவரும் மதிக்கவில்லை. கடைசியில் விண்டோஸ் 10இன் 1809 பதிப்பில், சொல்லாமல் பிடுங்கினாலும் பெரும்பாலும் தாங்கும்படியான முறையே இயல்பு அமைப்பாக்கப்பட்டது. மக்களின் பிடிவாதம் சில வேளைகளில் விதிமுறையை வெல்லும்.

முன்னர் சொன்ன எண்ணிக்கைக்கு வருகிறேன். ஹட்டனில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர், தோட்ட அலுவலகமொன்றிலிருந்து கழித்துப் போட்ட பழைய தட்டின் உட்பதிவேட்டைச் சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் திறந்து காட்டினார். 192ஆம் இலக்க வரியில் அவசர இழுப்புகளின் தொகை. 193ஆம் வரியில் முனை ஏறி இறங்கிய தொகை. முதலாவது எண் நான்கு இலக்கத்தைத் தொட்டிருந்தது. ஒவ்வொன்றும் சொல்லாமல் போன ஒரு மின்வெட்டு.

"சேர், இது ஹாட் டிஸ்க் இல்ல. கரண்ட் போன செக்ரோல்" என்றார்.

2022 மார்ச் இறுதியில் நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்து நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் இருளில் கிடந்தபோது, அவரது கடையில் சுழலும் தட்டுகள் ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தன. இப்போது விற்பவை அசையும் உறுப்பெதுவுமற்ற திண்மச் சேமிப்பகங்கள். அவற்றில் முனை இல்லை, சாய்தளம் இல்லை, சுழற்சியும் இல்லை. உறக்கம் என்பது அவற்றுக்கு நொடியின் சிறு பின்னத்தில் நிகழ்வது. 2013இல் சாட்டா விதிமுறையில் அவற்றுக்கென்றே இன்னும் ஆழ்ந்த உறக்கநிலையொன்று சேர்க்கப்பட்டது. ஆனால் சுழற்சி இல்லாதபோது அந்தக் குட்டி லக்சபானவும் இல்லை. மின்சாரம் அறுந்தால் கையிலிருப்பதை எழுதி முடிக்க மிஞ்சிய வலு வேண்டும். வழங்கிகளுக்கென்று செய்யப்படும் விலையுயர்ந்த வகைகளில் அதற்காக மின்தேக்கிகளைப் பதிக்கிறார்கள். தோட்ட அலுவலகங்கள் வாங்கும் மலிவு வகைகளில் பெரும்பாலும் அவை இருப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் இன்றும் மாலை நான்கு மணிக்குள் அன்றைய செக்ரோலைக் கடதாசியில் அச்சிட்டு, பெரிய கிளாக்கர் ஒப்பமிட்டுக் கோப்பில் கட்டி வைக்கிறார்கள்.